இல்லாத பொருளோடு கோலாலம்பூரில்

கப்பல் பயணத்தைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. ஏறினேன், வாந்தி எடுத்தேன், கரை வந்தது. கடலின் அழகைப் பக்கம் பக்கமாக வருணிப்பவர்கள் கரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள் என்பதை மட்டும் இந்தப் பயணத்தில் தெரிந்துகொண்டேன்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவன். கோடை விடுமுறையில் மலாயாவுக்குப் போனதற்குக் காரணம் என் தாயார். தங்கை தையல்நாயகி கோலாலம்பூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. முதல் குழந்தை திருச்சியில் எங்கள் வீட்டில் பிறந்து ஒரு வாரத்துக்குள் போய்விட்டது. இரண்டாவது மலாயாவில், வெளிச்சத்தையே பார்க்காமல் போனது. "இந்தத் தடவை எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்து சேர்" என்று அம்மா என்னைக் கப்பலேற்றினாள். பெண் வர மறுத்தால் என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை. அப்படி ஒரு சாத்தியம் அவள் கணக்கிலேயே இல்லை.

கோலாலம்பூர் ரயில் நிலையம் மொகலாய அரண்மனையைப் பார்த்துக் கட்டியது போல் இருக்கிறது. கூஜாவும் படுக்கையுமாக அதற்குள் இறங்கும்போது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. தங்கையின் கணவர் மாணிக்கவாசகம் வாசலில் நின்றார். அங்கேயே ரயில்வே சரக்கு ஆபீசில் குமாஸ்தா. என் பெட்டியை வாங்கிக்கொள்ளாமல் கையில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தார்.

"படிங்க மச்சான். ஊரெல்லாம் ஒட்டியாச்சு."

படித்தேன். "தொட்டால் இரண்டும் மறையும்! எதிர்ப்பொருள்! திருச்சிப் பேராசிரியர் கடல் கடந்து கொண்டுவருகிறார்! ஞாயிறு மாலை அனைவரும் திரண்டு வாரீர்!" கீழே, பிரிக்பீல்ட்ஸ் அறிவு வளர்ச்சிச் சங்கத்தின் செயலாளர் என்று மாப்பிள்ளையின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

"மாப்பிள்ளை, நான் பேராசிரியர் இல்லை."

"அதெல்லாம் இங்க யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் எதையும் கொண்டுவரவும் இல்லை."

"அதைக் கேப்பாங்க" என்றார் அவர், கொஞ்சம் யோசித்துவிட்டு.

குற்றம் முழுவதும் அவருடையது என்று சொல்ல முடியாது. எப்போதோ ஒருமுறை அவருக்கு விஷயத்தை எழுதியிருந்தேன். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆங்கிலேயர் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, எலெக்ட்ரானுக்கு நேர்மாறான ஒன்று உலகத்தில் இருந்தாக வேண்டும் என்று விடை வந்தது. எடை அதே எடை, மின்சாரம் மட்டும் தலைகீழ். பிறகு அமெரிக்காவில் ஒருவர் அதன் தடத்தைப் படம் பிடித்தே விட்டார். இந்த இரண்டும் சந்தித்தால் இரண்டும் காலி. வெளிச்சம் மட்டும் மிச்சம். அதைப் படித்த பிறகு எனக்குப் பல நாள் தூக்கம் வரவில்லை. அதைத்தான் மாப்பிள்ளை நோட்டீஸ் ஆக்கியிருந்தார்.

என் பெட்டியில் இருந்தது ஒரு கண்ணாடிக் குடுவை. அடியில் ரப்பர் பந்து, உள்ளே ரேடியம் பூசிய கடிகார முள் ஒன்று, பக்கத்தில் ஒரு பாட்டரியும் இரண்டு கம்பிகளும். உள்ளே சில சொட்டு சாராய ஸ்பிரிட்டை விட்டு, பந்தை அமுக்கிச் சட்டென்று விட்டால் குடுவைக்குள் குட்டி மேகம் உண்டாகும். ரேடியத்திலிருந்து பாயும் துகள்கள் அந்த மேகத்தில் வெள்ளைக் கோடு போடும். விளையாட்டுச் சாமான் மாதிரிதான். பார்த்தவர்கள் மட்டும் அப்படிச் சொல்வதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. தங்கை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது.

"என்னைக் கூட்டிட்டுப் போக வந்தியா, உலகத்தை அழிக்க வந்தியாண்ணே?"

"ரெண்டுக்கும்தான்."

"உலகத்தை வேணா அழிச்சிக்க. நான் வரலை."

"அம்மா எதிர்பார்த்துட்டு இருக்காங்க, தையலு."

"முதத் தடவை அம்மாகிட்டதானே போனேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் அன்றைக்கு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மீன் குழம்பு மட்டும் எடுத்தோம். காய்ந்த இறாலை அரைத்து மிளகாயோடு வதக்கி ஒரு சம்பல் வைத்திருந்தாள். திருச்சியில் அதன் வாசனை கிளம்பினாலே பக்கத்து வீட்டார் வீடு மாற்றிவிடுவார்கள். நான் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஸ்பிரிட் புட்டி கப்பலிலேயே உடைந்து, என் ஒரே நல்ல கோட்டு அதை முழுவதும் குடித்திருந்தது. கோலாலம்பூர் மருந்துக் கடைக்காரர், டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றார். மேகம் உண்டாக்குவதற்கு என்று விளக்கினேன். அவர் என் கோட்டை மோந்து பார்த்துவிட்டு, தர முடியாது என்பதை இன்னும் உறுதியாகச் சொன்னார்.

"கிள்ளான்ல நமக்கு ஒரு டிரெசர் இருக்காரு" என்றார் மாப்பிள்ளை. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடியாக மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவரை இங்கே டிரெசர் என்கிறார்கள். டாக்டரே இல்லாத தோட்டங்களில் அவர்தான் டாக்டர், நீதிபதி, ஜோசியர்.

சனிக்கிழமை காலையில் குடுவையை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டு, அங்கேயே சோதித்தும் பார்த்துவிடலாம் என்று தனியாகக் கிள்ளானுக்கு ரயிலேறினேன். வழி நெடுக ரப்பர் மரங்கள் வகுப்பில் நிறுத்தி வைத்த பையன்களைப் போல வரிசையாக நின்றன. எங்கள் பக்கத்தில் வேப்பமரம் இஷ்டப்பட்ட இடத்தில் முளைக்கும். இங்கே மரத்துக்குக்கூட ஒப்பந்தம் உண்டு.

கிள்ளானில் ஆற்றுப் பாலத்துக்கு அருகே ஒரு பாய் கடையில் சோறும் நண்டுக் குழம்பும் சாப்பிட்டேன். பிறகு கோப்பி. காலுறை போன்ற ஒரு நீளத் துணிப்பையில் வடிக்கிறார்கள். அது எத்தனை நாளாகத் துவைக்கப்படாத காலுறை என்று கேட்க நினைத்தேன், அதற்குள் குடித்துவிட்டேன். அடியில் ஒரு விரல் அளவுக்கு டின் பால். கும்பகோணத்துக்காரர் யாரும் இதைக் காப்பி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் திருச்சிக்காரன், இன்னொன்று கேட்டேன்.

டிரெசர் அருளப்பன் வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு சின்ன கவர்னர் போல உட்கார்ந்திருந்தார். ஸ்பிரிட் கொடுத்தார். குடுவைக்குள் கோடுகள் தெரிந்தபோது மரியாதைக்குத் தலையை ஆட்டினார். பிறகு தனக்குப் பிடித்த விஷயத்துக்கு வந்தார். தையல்நாயகியின் இரண்டாவது பிரசவத்துக்கு மாப்பிள்ளை இவரைத்தான் கூப்பிட்டிருந்தாராம்.

"ரத்தம் பத்தலை. அவ்வளவுதான். முதல்லயே என்கிட்ட காட்டியிருந்தா முதப் புள்ளையும் நின்னிருக்கும்."

"முதல் குழந்தை திருச்சியில் பிறந்ததுங்களே."

"எங்க பொறந்தா என்ன? ரத்தம் ஒண்ணுதானே."

அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

திரும்பி வரும் ரயிலில் ஒரு துரியான் வியாபாரி கூடைகளோடு ஒரு மூலையைப் பிடித்திருந்தார். துரியான் பழத்தின் நாற்றத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அந்த மூலையில் வேறு யாரும் உட்காரவில்லை என்பது மட்டும் நான் எழுத வேண்டியது. எனக்கு எதிரே ஒரு ராவுத்தர், துணி வியாபாரி, மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் டின்னிலிருந்து எட்டிப் பார்த்த ரப்பர் பந்தையும் கம்பிகளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மாப்பிள்ளையின் நோட்டீசை எடுத்து விரித்தார்.

"இதுல போட்டிருக்குற ஆளு நீங்கதானா, தம்பி?"

"நான்தான் பாய்."

"அந்தச் சாமான் இந்த டின்னுக்குள்ளதான் இருக்கா?"

"இல்லை பாய். அந்தப் பொருள் இங்கே எங்கேயும் இல்லை."

"இல்லாத சாமானுக்கு எதுக்கு இவ்ளோ கம்பி?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்தேன். எதிரும் எதிரும் சந்தித்தால் என்று தொடங்கி, பளிச்சென்ற வெளிச்சம் வரைக்கும் போனேன். ராவுத்தர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நேராகப் போய்த் துரியான் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். என் பக்கத்தில் இருப்பதைவிட அது மேல் என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

கோலாலம்பூரில் இறங்கியபோது இரண்டு மாத்தாக்கள் காத்திருந்தார்கள். இங்கே போலீஸ்காரரை மாத்தா என்பார்கள். நடு வழியில் எந்த ஸ்டேஷனிலோ இறங்கி ராவுத்தர் தகவல் கொடுத்திருக்கிறார். டின்னை எவரும் தொடவில்லை. என்னையே கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஒருவர் எனக்கு நன்றாக முன்னாலும் ஒருவர் நன்றாகப் பின்னாலும் நடந்தார்கள். ஊர்வலம் போல இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் இருந்தார். வெயிலில் முகம் பீட்ரூட் ஆகியிருந்தது. மேசைமேல் மாப்பிள்ளையின் நோட்டீசும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருந்தன. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. அதன் சாரம் இது.

"தொட்டால் மறையும் பொருள் எங்கே?"

"இங்கே இல்லை."

"எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?"

"பூமியில் ஏறக்குறைய இல்லை. வானத்திலிருந்து வரும் கதிர்களில் எப்போதாவது ஒன்று பிறக்கிறது, பிறந்த உடனே அழிந்துபோகிறது."

"ஏன் இல்லை?"

"அது யாருக்கும் தெரியாது. இரண்டும் எப்போதும் ஜோடியாகத்தான் பிறக்கின்றன. அப்படியானால் உலகத்தில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். சமமாக இருந்திருந்தால் எல்லாம் ஒன்றையொன்று அழித்துத் தீர்ந்திருக்க வேண்டும். நீங்கள், நான், இந்த மேசை எதுவும் இருக்கக்கூடாது."

இன்ஸ்பெக்டர் மேசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இல்லாத ஒரு பொருளைப் பற்றி, அது ஏன் இல்லை என்றும் தெரியாமல், நாளைக்குப் பேசப் போகிறாய்."

"ஆமாம்."

"அனுமதிச் சீட்டுக்குப் பணம் உண்டா?"

"இலவசம்."

"நல்லவேளை" என்றார்.

பிறகு டின்னைத் திறக்கச் சொன்னார். சன்னலைச் சாத்தி, ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லி, பந்தை அமுக்கி விட்டேன். முள்ளைச் சுற்றி நாலாபுறமும் வெள்ளை நூல் துண்டுகள் முளைத்து, கண்ணை இமைப்பதற்குள் கரைந்தன. இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொரு முறை செய்யச் சொன்னார். பின்னால் நின்ற மாத்தாக்கள் கிட்டே வந்தார்கள். அவர்களில் ஒரு சீக்கியர் தாடி குடுவையில் உரசுகிற வரைக்கும் குனிந்தார்.

"இதுதானா அந்தப் பொருள்?"

"இல்லை. இதெல்லாம் நம் பக்கத்துச் சரக்குதான்."

என்னை விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளையை விடவில்லை. நோட்டீசில் பெயர் போட்டு ஊரைப் பயமுறுத்தியது ரயில்வே ஊழியர் என்பதால், அவருடைய மேலதிகாரி துரைக்கு இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பினார். இருவரும் நேரில் வந்து கூட்டத்தைப் பார்ப்பார்களாம். கலவரம் போல ஏதாவது நடந்தால் மாப்பிள்ளைக்கு வேலை போகும். வேலை போனால் ரயில்வே வீடும் போகும். ஏழு மாத வயிற்றோடு தங்கை தெருவில் நிற்பாள், அல்லது அம்மா விரும்பியபடியே என்னோடு கப்பலேறுவாள்.

செய்தியைக் கேட்டு மாணிக்கவாசகம் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். தங்கை மட்டும், "அம்மா கும்புட்ட சாமி எதுன்னு தெரியலை, நல்லாத்தான் வேலை செய்யுது" என்றாள்.

ஞாயிறு மாலை கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம் வழிந்தது. போலீஸ் வரும் என்று தெரிந்த பிறகு எந்தச் சொற்பொழிவுக்கும் கூட்டம் குறையாது. முன் வரிசை நாற்காலியில் இன்ஸ்பெக்டரும் ரயில்வே துரையும். இடது பக்கம் பாயில் பெண்கள். சங்கத் தலைவர் என்னை அறிமுகப்படுத்த எழுந்து, ஆதியில் சிவம் என்று ஆரம்பித்தார். ஆதியிலிருந்து என் வரைக்கும் வர அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

குடுவையைக் காட்டினேன். வரிசையாக வந்து பார்த்தார்கள். பிறகு பேசினேன். இந்த ஊர்க்காரர்களுக்கு ஈயச் சுரங்கத்தைச் சொன்னால் போதும். "வெட்ட வெட்ட ஒரு பக்கம் குழி, இன்னொரு பக்கம் மண்மேடு. ரெண்டும் ஒரே நேரத்தில்தான் பிறக்கின்றன. மேட்டை எடுத்துக் குழியில் கொட்டினால் ரெண்டும் காணாமல் போகும். நம்முடைய பொருள் மேடு, எதிர்ப்பொருள் குழி" என்றேன். முன் வரிசை நாற்காலிகளுக்கு ஒருவர் ஆங்கிலத்தில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் சிரமப்பட்டு எழுந்தார். என் தங்கைதான். தலைவர் பதறி, "பெண்கள் கேள்வியை எழுதிக் கொடுத்தால் நான் படிக்கிறேன் அம்மா" என்றார்.

"எழுதறதுக்குள்ள மறந்துடும்ங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எந்தப் பக்கம் பாத்தாலும் மேடாத்தான் இருக்கு. நாம எல்லாரும் மேட்டு மேலதான் உக்காந்திருக்கோம். அப்ப குழியெல்லாம் எங்கண்ணே? இது மட்டும் ஏன் மிஞ்சி நிக்குது?"

திருச்சியில் என் மாணவர்கள் இதைக் கேட்டதில்லை. பரீட்சைக்கு வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

"தெரியாது" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதா, யாருக்குமே தெரியாதா?" என்றார் ஆண்கள் பக்கத்தில் ஒருவர்.

"யாருக்குமே. வேறு நட்சத்திரங்கள் குழியாலேயே ஆகியிருக்கலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பார்த்தவர் இல்லை. ரெண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு சின்ன பாரபட்சம் இருந்து, கொஞ்சம் மட்டும் அழியாமல் தங்கியிருக்கலாம். அந்தக் கொஞ்சம்தான் நாம். ஏன் தங்கியது என்று எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான், ஆளாளுக்குத் தெரிந்துவிட்டது. தலைவர் அது ஈசன் திருவிளையாடல் என்றார். பின் வரிசையிலிருந்து ஒரு சீர்திருத்தக்காரர் எழுந்து, ஈசன் இருந்தால் கணக்குச் சமமாக இருந்திருக்கும் என்றார். அது பூர்வ ஜென்ம வினை என்றார் ஒரு கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா. எலெக்ட்ரானுக்கு ஏது பூர்வ ஜென்மம் என்று இன்னொருவர். "இவ்ளோ தூரம் கப்பல்ல வந்து தெரியாதுன்னு சொல்றாருலா, அதுக்கு நம்ம ஊர்லயே ஆளு இல்லையா" என்று யாரோ முணுமுணுத்தது எனக்கு நன்றாகவே கேட்டது. இரண்டு பெஞ்சுகள் சாய்ந்தன. மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை. டிரெசர் சொன்ன நோய் அவருக்குத்தான் என்று நினைத்தேன்.

ரயில்வே துரை எழுந்தார். கூட்டம் அடங்கியது. அவர் மேடைக்கு வந்து, குடுவையை இன்னொரு முறை காட்டச் சொன்னார். பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்தில், "என் கிளப்பில் அரசியல் பேசினால் இதைவிட மோசமாக நாற்காலி உடையும்" என்றார். மாப்பிள்ளையைப் பார்த்து, அடுத்த நோட்டீசைத் தனக்குக் காட்டிவிட்டு அச்சடிக்கச் சொன்னார். இருவரும் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகும் ஈசன் இருக்கிறாரா இல்லையா என்ற விவாதம் தெருவிளக்கு ஏற்றுகிற வரை நடந்தது.

திங்கட்கிழமை காலையில் மாப்பிள்ளை வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஆபீசுக்குப் போய்விட்டார். தங்கை எனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடைசி முறையாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மூத்தது போனப்ப அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? மலாயாத் தண்ணி எனக்கு ஒடம்புல ஊறிடுச்சாம். ரெண்டாவது போனப்ப மாமியா சொன்னாங்க, திருச்சியில பாத்த பிரசவத்துல கர்ப்பப்பை கெட்டுப்போச்சாம். டிரெசருக்கு ரத்தம் பத்தலை. ஊர்ல ஐயருக்குச் செவ்வாய். எதுத்த வீட்டு அக்காவுக்கு நான் தின்ன அன்னாசிப் பழம். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நான்தான் என்னத்தையோ செஞ்சு ரெண்டையும் கொன்னுட்டேன், எதுன்னுதான் ஒத்துமையாச் சொல்ல மாட்டேங்கறாங்க."

தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"நீயும் ஒண்ணு வச்சிருப்ப. சொல்லிடு."

"எனக்குத் தெரியாது, தையலு."

"நேத்து கேட்டதைக் கேக்கல."

"நானும் அதைச் சொல்லலை."

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, புகையாகவும் இருக்கலாம். பிறகு தோசையை என் தட்டில் போட்டாள்.

"நான் இங்கயே பெத்துக்கறேன். பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு, ஒரு லேடி டாக்டர் பாக்கறாங்க. அவங்க காரணம் எதுவும் சொல்லல, மாசா மாசம் வரச் சொன்னாங்க. தங்குனா தங்கட்டும்."

"அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"அதை நீ கப்பல்ல யோசி. வாந்தி எடுத்த நேரம் போக."

மறு வாரம் தனியாகக் கப்பலேறினேன். யோசித்தும் எதுவும் கிடைக்கவில்லை. அம்மாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது, சத்தமாக வந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் தந்தி வந்தது. பெண் குழந்தை, இருவரும் சுகம். அம்மா தந்தியைக் கையில் வாங்கிக்கொண்டு என்னையே திரும்பப் படிக்கச் சொன்னாள். ஒரு மாதம் கழிந்து, குழந்தை பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்று மாப்பிள்ளை எழுதிய பிறகுதான் அம்மா தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். எல்லோரும் வந்தார்கள். செவ்வாய் தோஷம் என்ற ஐயர் வந்தார், கடல் காற்று ஆகாது என்ற அத்தை வந்தாள். போன இரண்டுக்கும் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். இந்தக் குழந்தை ஏன் தங்கியது என்று ஒருவரும் சொல்லவில்லை. சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, பெயர் என்ன வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார்கள்.